கல்முளையானுக்குப் பட்டியலில் இடமில்லையாம்: பல்லுயிர் வாரியத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மாநிலப் பல்லுயிர் வாரியத்தின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

எங்கள் ஊர்க் கரட்டில், அதாவது சிறு பாறைக் குன்றில், கல்குவாரி அமைவதை எதிர்த்து நாங்கள் கொடுத்த மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. மனுவில் குறிப்பிட்ட கல்முளையானும் பிற செடிகளும் அழிவுநிலைப் பட்டியல் எதிலும் இடம்பெறவில்லை, ஆகவே ஆட்சேபணையை ஏற்பதற்கில்லை என்று மாவட்ட அலுவலகம் ஒன்று எழுதியிருக்கிறது. கரட்டில் அந்தச் செடிகள் இல்லை என்று அந்தக் கடிதம் சொல்லவில்லை. யாராவது ஏறிப் பார்த்தார்கள் என்றும் சொல்லவில்லை. பட்டியலில் பெயர் இல்லை, அதனால் பேச்சுக்கு இடமில்லை. அவ்வளவுதான்.

அந்தப் பட்டியலில் உங்களுக்குப் பங்கு உண்டு. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் 38-ஆவது பிரிவில், அழியும் நிலையில் உள்ள அல்லது விரைவில் அந்த நிலையை எட்டக்கூடிய இனங்களை மாநில அரசைக் கலந்து மத்திய அரசு அறிவிக்கலாம் என்கிறது. அப்படி அறிவித்த இனத்தைப் பறிப்பதைத் தடுக்கலாம், கட்டுப்படுத்தலாம், மீட்டெடுக்க நடவடிக்கை எடுக்கலாம். மாநில அரசுக்கு இதில் ஆலோசனை சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். பதில் எழுதிய அலுவலரோடு வாதிட்டுப் பயனில்லை என்பதால் உங்களிடம் வருகிறேன். தம் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து அவர் எழுதிவிட்டார். அந்தக் காகிதம் ஏன் வெறுமையாக இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

நான் பள்ளியில் தாவரவியல் கற்பிப்பவள். ஆடு வளர்த்த குடும்பத்தில் பிறந்தவள் என்பதால் பாடப்புத்தகத்துக்கு முன்பே கல்முளையானைத் தெரியும். மேய்ச்சலுக்குப் போனவர்கள் நுனித்தண்டைக் கிள்ளி உப்புத் தொட்டுத் தின்பார்கள். வீட்டில் புளியும் மிளகாயும் வைத்துத் துவையல் அரைப்பார்கள். இலை என்று சொல்லிக்கொள்ள ஏதும் இல்லாத, நாற்பட்டையான, சாறு நிறைந்த தண்டு. வெயில் காலத்தில் சாம்பல் நிறமாகி, சுருங்கி, கிளுவைப் புதரின் அடியிலோ ஊசிப்புல்லின் தூரிலோ மறைந்து கிடக்கும். அடுத்த மழைக்கு மறுபடி நிமிரும். ஆண்டுக்கணக்கில் இதே சுழற்சிதான். பகலில் தண்டிலுள்ள நுண்துளைகளை மூடி இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமிக்கும் தாவரங்களில் இதுவும் ஒன்று. நெருப்பாகக் காயும் பாறையில் உயிர்வாழ அதற்கு வேறு வழியில்லை.

ஆவணிக்குப் பிறகு நல்ல மழை விழுந்தால் தண்டின் நுனியில் பூக்கள் வரும். விரல் நகத்தளவுதான். ஊதாவும் மஞ்சளும் கலந்த கோடுகள், சிலவற்றில் இதழோரம் முழுக்க மயிர்த்தொங்கல். தேனீயைவிட ஈயையே நம்பியிருக்கும் பூ இது; மகரந்தத்தைத் தூளாக உதிர்க்காமல் கட்டியாக ஈயின் உடலில் ஒட்டி அனுப்புகிறது. எருக்கின் குடும்பம் என்பதற்கு இதுவே சான்று. பிறகு ஆட்டுக்கொம்பு மாதிரி இரட்டைக் காய்கள் வெடித்து, பட்டுக் குஞ்சம் கட்டிய விதைகள் காற்றில் போகும். இவை விழுந்து பிழைக்கக் கொஞ்சம் மண் சேர்ந்த பாறை இடுக்கும் நிழல் தரும் ஒரு முட்புதரும் வேண்டும். கரட்டில் அவை உண்டு. பக்கத்துத் தோட்டத்தில் கிடையாது.

இந்தச் செடியைப் பற்றி நான் மிகைப்படுத்தப் போவதில்லை. கராலுமா அட்சென்டன்ஸ் என்ற பெயரில் அறியப்படும் இது தீபகற்ப இந்தியாவின் வறண்ட பகுதிகளில் பரவலாக இருக்கிறது. நாளைக்கே அடியோடு அழிந்துவிடும் என்று நான் மனுவிலும் எழுதவில்லை, இங்கும் எழுத மாட்டேன். ஆனால் அந்த ஒரு பெயருக்குள் எத்தனை செடிகள் ஒளிந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். 1795-இல் தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பரோ சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய தம் நூலில் படத்தோடு இதை விவரித்தார். 1931-இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கிரேவ்லியும் மயூரநாதனும் இந்தியக் கராலுமாக்களைப் பற்றித் தனி ஆய்வு வெளியிட்டபோது, இந்த ஓர் இனத்துக்குள்ளேயே பல வகைகளைப் பிரித்துக் காட்டினார்கள். அவற்றில் எவை தனி இனங்கள், எவை வெறும் வகைகள் என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. கோயம்புத்தூர்ப் பகுதியிலிருந்து இதே பேரினத்தில் புதிய இனம் ஒன்று விவரிக்கப்பட்டது 2011-இல்தான். தாவரவியல் ஆய்வுக்குப் பெயர்போன ஊரின் அருகிலேயே, எல்லோரும் நடந்து போகும் வறண்ட நிலத்தில், பெயரிடப்படாத பூச்செடி ஒன்று அதுவரை இருந்திருக்கிறது.

எங்கள் கரட்டின் வடக்குச் சரிவில் உள்ள செடிகளுக்கும் தெற்குச் சரிவில் உள்ளவற்றுக்கும் பூவின் நிறத்திலும் மயிரிலும் வேறுபாடு இருக்கிறது. இரண்டும் ஒரே வகையா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. தகுதி உள்ளவர்கள் வந்து பார்ப்பதற்குள் வெடி வைத்துவிடாதீர்கள் என்பதே எங்கள் மனுவின் சாரம். அதே கரட்டில் தடித்த தண்டும் நுனியில் உருண்டைக் கொத்தாகக் கருஞ்சிவப்புப் பூவும் விடும் உறவினம் ஒன்றும் இருக்கிறது. பூத்தால் அழுகல் நாற்றம் வீசும் என்பதால் யாரும் அதை நெருங்குவதில்லை. விராலி, உசிலை, சூரை, கொடிக்கள்ளி, பிரண்டை என்று கூடவே வாழ்வன பல. இவற்றின் நடுவே கல்முளையான் தனியாள் அல்ல.

இனி பட்டியலுக்கு வருகிறேன். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலைக் காட்டித்தான் எல்லா இடத்திலும் எங்கள் வாயை அடைக்கிறார்கள். உலகில் அறியப்பட்ட தாவரங்களில் ஐந்தில் ஒரு பங்குகூட அந்தப் பட்டியலுக்காக இன்னும் மதிப்பிடப்படவில்லை என்பதை இப்படிச் சொல்கிறவர்கள் அறிவார்களா? அந்தப் பட்டியலே ‘மதிப்பிடப்படாதவை’ என்றும் ‘தரவு போதாதவை’ என்றும் தனித்தனி நிலைகளை வைத்திருக்கிறது. இவ்விரண்டுக்கும் ஆபத்தில்லை என்று பொருளில்லை. மாணவன் தேர்வே எழுதவில்லை என்றால் தேர்ச்சி என்று போட நான் பள்ளியில் அனுமதிக்க முடியாது. குவாரிக் கோப்பில் மட்டும் அது நடக்கிறது.

மதிப்பீட்டுக்குத் தேவையானவையும் வானத்திலிருந்து விழுபவை அல்ல. ஓர் இனம் உண்மையில் வாழும் பரப்பு 500 சதுர கிலோமீட்டருக்குக் குறைவாக இருந்து, அதுவும் துண்டு துண்டாகச் சிதறித் தொடர்ந்து சுருங்கியும் வந்தால் அருகிய இனம் என்ற நிலைக்கு அது தகுதி பெறும். 2,000 சதுர கிலோமீட்டருக்குக் குறைவு என்றால் அழிவாய்ப்புள்ள இனம். துண்டுபடுவதற்கும் சுருங்குவதற்கும் கரட்டை விடப் பொருத்தமான இடம் உண்டா? கரடுகள் பிறப்பிலேயே தீவுகள். நடுவில் வயலும் தோப்பும் சாலையும் பிளாட்டும். ஒன்றைத் தகர்த்தால் அடுத்த கரட்டுக்கும் அதற்கும் இடையிலான தொலைவு கூடுகிறது. ஈ பறக்கும் தூரம் கூடுவதில்லை. இந்தக் கணக்கைப் போட வேண்டியது யார்? கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தின் தென்மண்டல மையமும், ‘சென்னை உலர்தாவரத் தொகுப்பு’ என்ற பெயரில் உலர்த்திய செடி மாதிரிகளின் சேமிப்பும் இருக்கின்றன. பழைய மாதிரிகள் எந்தெந்த ஊரில் எடுக்கப்பட்டன என்ற சீட்டுகள் அங்கே உள்ளன. அவற்றை எடுத்துக்கொண்டு அந்தந்த ஊருக்குப் போய், செடி இன்னும் இருக்கிறதா, அந்தக் கரடே இன்னும் இருக்கிறதா என்று பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

இந்த வேலை நடக்காததற்குக் காரணம் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. நிலத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயரே காரணம். கிராமக் கணக்கில் நில விவரங்கள் எழுதிய அ-பதிவேட்டைப் புரட்டுங்கள். எங்கள் கரடு அதில் ‘தீர்வை ஏற்படாத தரிசு’, குறிப்புக் கலத்தில் ‘கல்லாங்குத்து’. இந்திய அளவில் வெளியிடப்படும் தரிசு நில வரைபடத் தொகுப்பிலும் பாறை நிலத்துக்கென்று தனி வகைப்பாடே உண்டு. பயனற்ற நிலங்களில் ஒன்று. வரி வராத நிலத்தை வெள்ளைக்காரன் காலத்தில் பயனற்றது என்று எழுதினார்கள், சரி. பல்லுயிர்ச் சட்டம் வந்த பிறகும் அதே கலம் அதே சொல்லோடு தொடர்கிறது. கரட்டில் கல்வெட்டு இருந்தால் தொல்லியல் துறை குறுக்கே நிற்கிறது. காப்புக்காடாக இருந்தால் வனத்துறை நிற்கிறது. பாறை இடுக்கில் பூக்கும் செடிக்காகக் குறுக்கே நிற்க எந்தத் துறைக்கும் ஆணை இல்லை.

குவாரிக்காகத் தயாரான சூழல் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்தேன். 2012-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் ஐந்து ஹெக்டேருக்கு உட்பட்ட சிறு கனிமக் குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயமானது. அதற்கு நன்றி. ஆனால் எங்கள் குவாரியின் பரப்பு அந்த ஐந்துக்குச் சற்றே குறைவு. தனித்து நிற்கும் சிறு குவாரி என்பதால் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. அறிக்கையின் தாவரக் கணக்கெடுப்பு கோடையில் நடந்திருக்கிறது. மே மாதத்தில் அந்தக் கரட்டில் கல்முளையானைக் கண்டுபிடிக்க ஆட்டுக்காரரைக் கேட்டிருக்க வேண்டும், கேட்டதாகத் தெரியவில்லை. பட்டியலில் வேம்பு, எருக்கு, ஆவாரை, சீமைக் கருவேலம் எல்லாம் இருக்கின்றன. கூடவே அடப்பங்கொடி! கடற்கரை மணலில் படரும் கொடி, கடலிலிருந்து இத்தனை தொலைவில் உள்ள கல்லாங்குத்தில் ஏறியது எப்படி என்று அறிக்கை எழுதியவர்கள்தான் விளக்க வேண்டும். வேறொரு மாவட்டத்து அறிக்கையிலிருந்து வெட்டி ஒட்டியதாக நான் சந்தேகிக்கிறேன். அந்தப் பட்டியலின் கீழேதான், அரிய இனங்கள் எவையும் காணப்படவில்லை என்ற வரி வருகிறது. எங்கள் மனுவை நிராகரித்த கடிதத்தின் வேர் அந்த வரியில் இருக்கிறது.

ஊரின் உயிரினங்களையும் அவற்றைப் பற்றி ஊரார் அறிந்ததையும் எழுதிவைக்கும் எங்கள் ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடாவது காப்பாற்றும் என்று தேடிப் போனேன். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இந்தப் பதிவேடுகளை 2020 ஜனவரி 31-க்குள் முடிக்கக் கெடு வைத்ததே, அந்த அவசரத்தில் எழுதியதாகத்தான் தெரிகிறது. தென்னை, புளி, பசு, எருமை, கோழி எல்லாம் முறையாக உள்ளன. கரட்டுக்கு ஒரே வரி: பாறை. ஊரில் கல்முளையான் துவையல் அரைக்கத் தெரியாத வீடு முன்பு இல்லை. பதிவேடு எழுத வந்தவர்கள் ஒரு கிழவியிடம் பேசியிருந்தால் போதும்.

பறிப்பவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பழியெல்லாம் குவாரிக்காரர் தலையில் விழும். கல்முளையான் பசியைக் குறைக்கும் என்பது மேய்ச்சல்காரர்களின் அனுபவம். இதன் சாற்றை உடல் எடை குறைக்கும் மாத்திரையாக்கி உலகம் முழுக்க விற்கிறார்கள். பெங்களூரில் ஐம்பது பேரிடம் அறுபது நாள் நடத்தி 2007-இல் வெளியான ஆய்வில், பசியும் இடுப்பளவும் குறைந்தன. எடையில் மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. விளம்பரத்தில் அந்தப் பின்பாதி வருவதில்லை. அது வாங்குகிறவர் பாடு. எனக்குக் கவலை, சரக்கு எங்கிருந்து வருகிறது என்பது. முன்பு நுனியைக் கிள்ளினார்கள், தூர் தங்கியது, அடுத்த மழைக்குத் துளிர்த்தது. இப்போது வெளியூர் ஆட்கள் சாக்கோடு வந்து வேரோடு பிடுங்குகிறார்கள். எடைக்குத்தான் காசு, தூருக்கும் எடை உண்டு. கூலிக்கு வரும் அவர்களை நான் குற்றம் சொல்லவில்லை. வணிகத்துக்காக இத்தகைய வளத்தை எடுப்பவர் மாநில வாரியத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தின் ஏழாவது பிரிவு சொல்கிறது. உங்களிடம் அப்படித் தெரிவித்தவர்கள் எத்தனை பேர்? எத்தனை கிலோ, எந்தக் கரட்டிலிருந்து? ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு கட்டணம் வசூலிக்கலாம் என்றும் சட்டம் இருக்கிறது. எங்கள் ஊருக்கு ஒரு ரூபாய் வந்ததாகத் தெரியவில்லை.

வேறிடத்தில் நட்டுவிடலாமே என்று சமாதானம் பேச வந்தவர்கள் உண்டு. தண்டை ஒடித்து நட்டால் கல்முளையான் பிடித்துக்கொள்ளும், உண்மைதான். என் வீட்டுத் தொட்டியிலும் இருக்கிறது. தொட்டியில் இருப்பது ஒரு செடியின் நகல். கரட்டில் இருப்பது வேறு வேறு தாய்ச்செடிகளின் கூட்டம், அவற்றுக்கிடையே போகும் ஈக்கள், நிழல் தரும் புதர். இடம் மாற்றுவதாகச் சொல்கிறவர்கள் இவற்றையும் லாரியில் ஏற்றுவார்களா?

மரம் நடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழகம் இயக்கம், மாநிலத்தின் பசுமைப் பரப்பை 23.69 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்த முனைகிறது. நல்ல நோக்கம். ஆனால் ‘தரிசு’ என்று எழுதியிருக்கும் இடத்திலெல்லாம் குழி வெட்டத் தொடங்கினால், ஜல்லிக்காரர் விட்டுவைத்த கரடும் போய்விடும். வறண்ட பாறைச் சரிவு மரமில்லாத காடு. அதற்குச் சிகிச்சை தேவையில்லை.

கரட்டைக் காப்பது உங்களுக்குப் புதிதும் அல்ல. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.42 ஹெக்டேர் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து மேலூர் வட்டாரமே திரண்டது. 2025 ஜனவரியில் மத்திய அரசு அதை ரத்து செய்தது. அங்கே ராசாளிகள் இருந்தன, சுனைகள் இருந்தன, குடைவரைக் கோயிலும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டும் இருந்தன. எங்கள் கரட்டில் அவ்வளவு பெருமை கிடையாது. குடைவரை இல்லாத, செய்தியில் வராத நூற்றுக்கணக்கான கரடுகளில் அதுவும் ஒன்று. அவற்றுக்கும் சேர்த்தே கேட்கிறேன்.

கேட்பவை இவை. முதலாவது, கல்முளையானையும் அதன் உறவினங்களையும் மாநில அளவில் மதிப்பிட நிபுணர் குழு ஒன்றை அமையுங்கள். இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தையும் உள்ளூர்க் கல்லூரித் தாவரவியல் துறைகளையும் ஆடு மேய்ப்பவர்களையும் அதில் சேருங்கள். கணக்கெடுப்பு ஆவணி முதல் கார்த்திகைக்குள், பூக்கும் பருவத்தில் நடக்க வேண்டும். முடிவில் எந்த வகை 38-ஆவது பிரிவுக்குத் தகுதியானது என்று தெரிகிறதோ அதை அறிவிக்கப் பரிந்துரையுங்கள். எதுவும் தகுதி பெறவில்லை என்றால் அதையும் தரவோடு வெளியிடுங்கள், ஏற்றுக்கொள்கிறோம்.

இரண்டாவது, மதிப்பிடப்படாத இனத்தை ஆபத்தில்லாத இனமாகக் கொள்ளக்கூடாது என்று குவாரி அனுமதி தரும் எல்லா அலுவலகங்களுக்கும் எழுத்துமூலம் அறிவுறுத்துமாறு மாநில அரசைக் கேளுங்கள். பாறைக் குன்றுகளில் மழைக்குப் பிந்திய தாவரக் கணக்கெடுப்பு இல்லாத சூழல் அறிக்கையைத் திருப்பி அனுப்ப வேண்டும். உள்ளூர்ப் பல்லுயிர் மேலாண்மைக் குழுவின் கருத்து கோப்பில் இருக்க வேண்டும், குவாரி ஐந்து ஹெக்டேருக்குக் கீழே இருந்தாலும்.

கல்முளையான் வணிகத்துக்காக உங்களுக்கு வந்துள்ள முன்தெரிவிப்புகளை ஆண்டுவாரியாக வெளியிடுங்கள். வேரோடு பிடுங்குவதற்குத் தடையும், நுனி கிள்ளுவதற்கு விதியும் வேண்டும். வீட்டுத் தேவைக்குப் பறிக்கும் ஊர்க்காரர்களை அந்த விதி தொடக்கூடாது. அவசரத்தில் எழுதிய பதிவேடுகளைக் கரடு உள்ள ஊராட்சிகளிலாவது திருத்தி எழுதப் பணம் ஒதுக்குங்கள். எங்கள் ஊரில் அந்த வேலையைச் செய்ய நானும் என் மாணவர்களும் தயார், கூலி வேண்டாம்.

கடைசியாக, எங்கள் கரடு. மனுவும் புல எண்ணும் படங்களும் தனியே உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். வரும் ஐப்பசிக்குள் ஒரு நாள் குறித்துக் கூட்டாய்வுக்கு வாருங்கள். அதுவரை அந்தப் புல எண்ணில் வெடிவைப்பைத் தொடங்கக் கூடாது என்று உரிய அதிகாரிக்குப் பரிந்துரைக் கடிதம் ஒன்றை இந்த மாதமே அனுப்பி, அதன் நகலை எங்கள் ஊராட்சிக்கும் கொடுங்கள்.

இப்படிக்கு,
கரட்டடி ஊர் ஒன்றின் தாவரவியல் ஆசிரியை